கூலிக் கணக்கில் பிறந்த தூதர் பதவி

சாத்தூர், சிவகாசி, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக் கரிசல்காட்டில் 1923ஆம் ஆண்டுக்குத் தனி மரியாதை உண்டு. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். அதே 1923இல், பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில், எஸ்.ரங்கநாதன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஒரு புதிய பதவியில் அமர்ந்தார். 'இந்திய அரசின் ஏஜெண்ட்' என்பது பதவியின் பெயர். தீப்பெட்டி வந்த கதையை இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஏஜெண்ட் போன கதையைச் சொல்வாரில்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே வறட்சி.

அச்சங்குளம் போன்ற ஊர்கள் வானம் பார்த்த பூமியில் இருப்பவை. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், பொய்த்தால் கடன். இன்று அந்தக் கடனை அடைக்கப் பட்டாசு ஆலைக்குப் போகிறார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்து ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து இருபது பேரளவில் உயிரைக் குடித்தபோதுதான் ஊரின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது. ஆலைகள் வருவதற்கு முந்தைய தலைமுறைகளில், கடன்பட்ட கரிசல்காட்டுக் குடும்பங்கள் தேடிப்போன இடங்களில் முதன்மையானது கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கை மலைநாடு. அங்கே போனவர்களுக்காகத்தான் அந்த ஏஜெண்ட் பதவி உண்டாக்கப்பட்டது. இன்று கொழும்பில் இருக்கும் இந்தியத் தூதரின் வம்சாவளியைத் தேடினால் அங்கேதான் போய் நிற்கும்.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தூதரை அனுப்புவது பெரும்பாலும் அரசர்களின் உறவுக்காக, வணிகத்துக்காக, போரை மூட்டவோ நிறுத்தவோ. பாண்டிய மன்னன் ரோமாபுரியின் அகஸ்டஸ் சீசரிடம் தூது அனுப்பியதை ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீனத்து அரசவைக்கு முத்தும் தந்தமும் கொண்டு போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு இந்தியா முதலில் அனுப்பிய நவீன காலத்து அதிகாரி அப்படிப் பரிசுப் பொருளோடு போனவரல்ல. தோட்டத்துக் கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை சதம், அரிசி புசல் என்ன விலை, லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கப் போனவர்.

கங்காணியும் துண்டும்

இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிடத் தொடங்கியது 1820களில்; அது பெருந்தொழிலாகப் பரவியது அடுத்த இருபது ஆண்டுகளில். பழம் பறிக்க ஆள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள் போனார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. அந்த வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. 1869இல் காப்பி இலையில் பூசண நோய் விழுந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலே அழிந்தது. நோய் விழுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். காப்பி பருவத்துப் பயிர்; பழம் பறித்துவிட்டு ஆட்கள் ஊருக்குத் திரும்பலாம். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவே ஆட்கள் குடும்பத்தோடு போய் அங்கேயே தங்கினார்கள்.

அவர்களைக் கூட்டிப்போனவர் கங்காணி. தன் ஊருக்கு வந்து, தன் சாதிக்காரரிடமும் சொந்தக்காரரிடமும் பேசி, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வார். அந்த முன்பணம் கூலியாளின் தலையில் கடனாக ஏறும். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் பழைய துரையிடம் 'துண்டு' வாங்க வேண்டும். அதில் ஆளின் கடன் தொகை எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டிவிட்டு ஆளை எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் இருந்தது கடன், கைமாறியது மனிதர்கள். பல ஆண்டு எதிர்ப்புக்குப் பின் 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டபின் போக்குவரத்து எளிதாயிற்று. மண்டபத்தில் இலங்கை அரசு தன் சொந்தச் செலவில் ஒரு முகாமை நடத்தியது. இந்திய மண்ணில் இன்னோர் அரசின் முகாம். போகிறவர்களை அங்கே சில நாள் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள்.

கல்வி, நிலத் துறையின் தூதர்

1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. பயிற்சியற்ற தொழிலாளரை எந்த நாட்டுக்கு அனுப்பலாம், எந்த நிபந்தனையில் அனுப்பலாம் என்பதை இந்திய அரசே தீர்மானிக்கும் அதிகாரம் இந்தச் சட்டத்தால் கிடைத்தது. ஆள் போகிற நாட்டில் அவர்களைக் கவனிக்க ஓர் ஏஜெண்டை அமர்த்தலாம் என்றும் அதில் இருந்தது. அப்படித்தான் ரங்கநாதன் இலங்கைக்குப் போனார். மலாயாவுக்கும் ஓர் ஏஜெண்ட் போனார். 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் ஏஜெண்டாகப் போனவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியுறவு என்றால் வைஸ்ராயின் நேரடிப் பொறுப்பு; ஆப்கானிஸ்தானம், திபெத்து, பாரசீகம் என்று பெரிய விவகாரங்களை அந்தத் துறை பார்த்துக்கொண்டது. கடல் கடந்த கூலியாட்களின் விவகாரமோ 'கல்வி, சுகாதாரம், நிலம்' என்ற துறையிடம் இருந்தது. கொழும்பிலிருந்து ஏஜெண்ட் எழுதும் ஆண்டறிக்கை, பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் கவனிக்கும் அதிகாரிகளின் மேசைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தூதர் என்ற பட்டமும் கிடையாது, தூதருக்குரிய சலுகைகளும் கிடையாது. தோட்டத்துக்குள் நுழைந்தால் துரை முகம் சுளிப்பார்.

ஆனாலும் அந்தப் பதவிக்குப் பல் இருந்தது. ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்திவிட்டால் தேயிலைத் தொழில் திண்டாடும் என்று துரைமார்களுக்குத் தெரியும். அந்த நெருக்குதலில்தான் 1927இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. உயர்ந்த மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என்று கூலி நிர்ணயமாயிற்று. அரிசிக்கும் விலை வரம்பு வைத்தார்கள். இன்று பார்க்கச் சொற்பத் தொகைதான். கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் எழுதியதே கூலி என்றிருந்த இடத்தில், சட்டப் புத்தகத்தில் ஒரு தொகை ஏறியது அதுவே முதல் முறை.

1929 முதல் 1933 வரை ஏஜெண்டாக இருந்தவர் கே.பி.எஸ்.மேனன். உலகப் பொருளாதாரம் சரிந்து, தேயிலை விலை விழுந்து, கூலியைக் குறைக்கத் துரைமார்கள் வரிந்துகட்டிய காலம் அது. போதாக்குறைக்கு 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. தோட்டத்துத் தமிழருக்கு அந்த வாக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதுவரை கூலியைப் பற்றி மட்டும் பேசிய ஏஜெண்ட், இனிமேல் உரிமையைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. மேனன் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் வெளியுறவுச் செயலராகவும் மாஸ்கோவில் தூதராகவும் புகழ்பெற்றார். இலங்கையில் அவர் பார்த்தது அந்தப் பெரும் உத்தியோகத்துக்கான பாலபாடம்.

1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு வேலை பார்த்த இந்தியர்களை வெளியேற்ற முடிவு செய்தது. பேசிப் பார்க்க ஜூலையில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்குப் போனார், பலனில்லை. அவர் அங்கே இருந்தபோதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. ஆகஸ்ட் 1 முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை போவதற்கு இந்திய அரசு தடை போட்டது. கரிசல்காட்டுக்கு நூறு ஆண்டாகத் திறந்திருந்த வழி அடைபட்டது. மறு ஆண்டு, 1940இல், வெடிபொருள் விதிகள் வந்து பட்டாசு உற்பத்திக்கு உரிமம் கொடுக்கும் முறை ஏற்பட்டது; சிவகாசியில் பட்டாசு ஆலைகள் எழுந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரே மக்கள் கூட்டத்தின் பிழைப்பைத் திசை மாற்றின.

தொழிற்சங்கக்காரர் தூதரானார்

போர்க்காலத்தில் பதவியின் தகுதி உயர்ந்தது. 1942இல் இலங்கையின் அமைச்சர் சர் பாரன் ஜயதிலக டெல்லியில் இலங்கைப் பிரதிநிதியாக அமர்ந்தார். 1943இல் இந்தியாவின் சார்பில் எம்.எஸ்.ஆனே கொழும்புக்குப் போனார். காந்தியின் உண்ணாவிரதத்தின்போது வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகியவர் அவர். ஏஜெண்ட் என்ற பெயர் மாறி 'பிரதிநிதி' என்றாயிற்று. 1947இல் சுதந்திரத்துக்குப் பின் அதுவே ஹை கமிஷனர் பதவியானது. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதருக்கு அந்தப் பெயர்; இலங்கைத் தமிழில் உயர் ஸ்தானிகர்.

முதல் ஹை கமிஷனராக நேரு தேர்ந்தெடுத்தவர் வி.வி.கிரி. ரயில்வே தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர், ராஜாஜியின் 1937 அமைச்சரவையில் தொழில், தொழிலாளர் துறைகளைப் பார்த்தவர். வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் யார் போவது என்பது ஒரு கணக்கு. கொழும்புக்குத் தொழிற்சங்கக்காரர் போவது வேறு கணக்கு. அந்த நாற்காலியில் இருப்பவரின் முதல் வேலை தோட்டத் தொழிலாளி என்று டெல்லி அப்போதும் நினைத்தது.

தூதர் உயர்ந்தார், தொழிலாளி இறங்கினார். கிரி கொழும்பில் இருந்தபோதே, 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபித்தால்தான் குடிமகன். பிறப்புப் பத்திரமே இல்லாத லயத்து மக்களால் எதை நிரூபிக்க முடியும்? 1949இல் இந்திய, பாகிஸ்தானியருக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக மனுப் போட்டார்கள். 1960களின் தொடக்கம்வரை நடந்த அந்தப் பரிசீலனையில் தேறியவர்கள் 1,34,000 பேர் அளவில்தான். வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போயிருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் தலைவர் தொண்டமான், 1952இல் பிரதமர் அலுவலக வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. சிவகங்கைப் பக்கத்து முனைப்புதூரில் 1913இல் பிறந்து, சிறுவனாக இலங்கை சென்றவர் அவர்.

கிரிக்குப் பின் மாத்ருபூமியின் ஆசிரியர் கே.பி.கேசவ மேனன், சி.சி.தேசாய், ஒய்.டி.குண்டேவியா என்று வரிசையாக வந்த தூதர்கள் எல்லோருக்கும் இந்த ஒரே வழக்குதான். இந்தியாவின் வாதம் எளிமையானது: அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பிரஜைகள், விருப்பப்பட்டு விண்ணப்பித்தால் மட்டும் இந்தியா ஏற்கும். இந்திய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு அதற்கு வழி வைத்திருந்தது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரிடம் பதிவு செய்தால் இந்தியக் குடிமகனாகலாம். அதாவது, ஒருவரை இந்தியராக்கும் பேனா தூதரின் கையில் இருந்தது. அந்தப் பேனா எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்பதில்தான் இரு அரசுகளும் முரண்பட்டன. 1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஆளுக்கொரு விளக்கம் சொன்னதில் அது நிற்கவில்லை.

ஒரு வாரத்தில் ஒன்பதே முக்கால் லட்சம்

நேரு மறைந்தார். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க டெல்லிக்கு வந்தார். ஒரு வாரப் பேச்சுக்குப் பின், 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் அவரும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று வைத்துக்கொண்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம், எல்லாம் 15 ஆண்டுகளில் முடியும் என்று முடிவானது. அந்த மீதியையும் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழும்பில் தூதராக இருந்து இந்த வழக்கை நடத்திய குண்டேவியாதான் 1964இல் டெல்லியில் வெளியுறவுச் செயலர். நாடாண்ட காங்கிரசின் தலைவர் விருதுநகர்க்காரரான காமராஜர்.

பேச்சுவார்த்தை மேசையில் தோட்டத் தொழிலாளியின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. நாற்பது ஆண்டு முன்பு ஒரு தோட்டத்தில் ஒருவருக்குக் கூலி குறைந்தால் விசாரிக்கப் பிறந்த பதவி, இப்போது லட்சங்களில் ஆட்களைப் பங்கிட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றும் அலுவலகமாயிற்று. விண்ணப்பம் வாங்கியபோது கணக்கு தலைகீழானது. இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் 5,25,000ஐ எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ இலங்கை ஒப்புக்கொண்ட எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு. சட்டப்படி அவர்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லை. மனசுப்படி அவர்கள் பிறந்த நாட்டுக்காரர்கள்.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம்தான் கடவுச்சீட்டுக் கொடுத்து அனுப்பும் வேலையைச் செய்தது. மலையகத்திலிருந்து தலைமன்னார் போகும் ரயிலை அங்குள்ளவர்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். சொந்தபந்தம் பாதிப் பேர் அங்கே தங்க, பாதிப் பேர் இங்கே வர, ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. ராமானுஜம் என்ற கப்பலில் வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் தங்கினார்கள். பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய அதே முகாமில் பேரனுக்குக் குடும்ப அட்டை எழுதினார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை, ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படி வந்தார்கள். நீலகிரியில் அவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அது பின்னர் டான்டீ ஆனது. தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கிய கூட்டுறவு வங்கி ரெப்கோ. ஊருக்கே திரும்பியவர்களை ஊர் 'சிலோன்காரர்' என்றது.

கண்டி அலுவலகத்தில் 1978 முதல் 1982 வரை இருந்தவர் கோபாலகிருஷ்ண காந்தி. காந்திக்கும் ராஜாஜிக்கும் பேரன், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி. தோட்ட மக்களை வைத்து அவர் எழுதிய ஆங்கில நாவலின் பெயர் 'சரணம்'. 2000இல் அவரே கொழும்புக்கு ஹை கமிஷனராகத் திரும்பினார். அவருக்கு முன் 1997 முதல் 2000 வரை அந்த இடத்தில் இருந்தவர் சிவசங்கர் மேனன். முன்னாள் ஏஜெண்ட் கே.பி.எஸ்.மேனனின் பேரன். பாட்டனார் தோட்டத்துக் கூலிக்காக வாதாடிய தீவில் பேரனுக்கு வாய்த்தது போர்க்களத்துச் செய்திகள்.

கொழும்பின் 'வைஸ்ராய்'

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் எல்லாம் மாறியது. தூதரின் மேசையில் தோட்டக் கோப்புகள் அடியில் போய், வடக்கு கிழக்குக் கோப்புகள் மேலே வந்தன. கொழும்பிலிருந்த தூதரை வைத்து மட்டும் இதைச் சமாளிக்க முடியாதென்று இந்திரா காந்தி தன் தனித் தூதராக ஜி.பார்த்தசாரதியை அனுப்பினார். பீக்கிங்கிலும் பாகிஸ்தானிலும் ஐ.நா.விலும் இந்தியாவின் சார்பில் இருந்தவர் அவர்.

1985இல் வந்தவர் ஜே.என்.தீட்சித். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டன. ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது கொழும்பில் ஊரடங்கு. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார். இந்திய அமைதிப் படை அங்கே இருந்த காலத்தில் தீட்சித்தைக் கொழும்புப் பத்திரிகைகள் 'வைஸ்ராய்' என்று எழுதின. தோட்டத்து வாசலில் துரையின் அனுமதிக்குக் காத்திருந்த ஏஜெண்டின் நாற்காலிக்கு அறுபது ஆண்டுகளில் அப்படி ஒரு பட்டம். 1990 மார்ச்சில் படை திரும்பியது. தீட்சித் பின்னர் வெளியுறவுச் செயலரானார்; தன் அனுபவத்தை 1998இல் புத்தகமாக எழுதினார்; அதன்பின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரும் ஆனார்.

பதவி உச்சியில் இருந்த அந்தக் காலத்தில் மலையகத்து வழக்கு வேறு வழியில் நகர்ந்தது. தொண்டமான் 1978 முதல் இலங்கை அமைச்சரவையில் இருந்தார். தொழிற்சங்கமும் வாக்கும் அவர் கையில் இருந்தன. கப்பல் நின்றுபோய், இந்தியா போக வேண்டியவர்கள் தோட்டத்திலேயே தங்கிவிட்ட நிலையில், 1988இல் ஒரு சட்டமும் 2003இல் இன்னொரு சட்டமும் வந்து எஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுத்தன. 2003 சட்டத்தில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் குடிமக்களானார்கள். நேருவின் பழைய வாதம், அவர் மறைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, இலங்கை நாடாளுமன்றத்தில் சட்டமாயிற்று. இடையில் நான்கு லட்சம் பேர் கப்பலேறியிருந்தார்கள்.

2004இல் நிருபமா ராவ் அந்த நாற்காலியின் முதல் பெண் தூதரானார். அந்த ஆண்டு டிசம்பரில் சுனாமி. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியத் துணைத் தூதரகங்கள் திறந்தன. வடக்கு கிழக்கில் வீடு கட்டும் இந்தியத் திட்டத்தில் மலையகத்துக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். லயத்து அறையில் எத்தனை பேர் என்று ரங்கநாதன் காலத்தில் எண்ணத் தொடங்கிய அலுவலகம், தொண்ணூறு ஆண்டு கழித்து லயத்துக்கு மாற்றாக வீடு கட்டும் கணக்கைப் பார்க்கிறது.

குல்லூர்சந்தையில் மிச்சமான கணக்கு

கணக்கில் ஒரு பகுதி விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது. குல்லூர்சந்தை, செவலூர், கண்டியாபுரம் போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. தமிழக முகாம்களில் இருப்பவர்களில் பல ஆயிரம் பேர் மலையக வம்சாவளியினர். கலவரத்துக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கும் போர் துரத்த, தோணியேறி வந்தவர்கள். சாஸ்திரி கையெழுத்திட்ட கணக்கில் இந்தியாவின் பங்கில் வரவேண்டியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் கண்டி அலுவலகத்தின் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். தோணியில் வந்ததால் அகதிகள். ஒரே லயத்து அண்ணன் தம்பிகள்கூட இந்த இரண்டு பட்டியலில் பிரிந்து போகலாம்.

2019 ஜூன் 17 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னார். திருச்சி கொட்டப்பட்டு போன்ற முகாம்களில் இருந்த மலையக வம்சாவளியினர் அவர்கள். அவர்களின் குடியுரிமை மனுக்களைப் புதிதாகப் பெற்று மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிமல்லாத சிறுபான்மையினருக்கு அந்தச் சட்டம் பொருந்தும். இந்தியா தன் முதல் ஏஜெண்டுகளில் ஒருவரை அனுப்பிவைத்த இலங்கை அதில் இல்லை.